லிங்கராஜபுரத்துக் கூடமும் ஓர் எண்ணின் வரலாறும்

பெங்களூரின் வடகிழக்கே, குக் டவுனுக்கும் கம்மனஹள்ளிக்கும் அருகில் அமைந்த லிங்கராஜபுரத்தில், காற்றுத் தர மானி ஒன்றை வாங்கிக் கூடத்தில் வைத்திருக்கும் ஒரு நடுத்தரக் குடும்பத்தை எண்ணிப்பார்க்கலாம். காலையில் ஊதுபத்தி ஏற்றியதும் அதன் திரையில் ‘விஓசி’ எண் ஏறுகிறது. தரையை ஃபினாயில் இட்டுத் துடைத்தால் ஏறுகிறது. கைகளில் சானிடைசர் தடவினால் ஒரே பாய்ச்சலாக ஏறிச் சிவப்பாகிறது. இவையெல்லாம் எதிர்பார்க்கத்தக்கவை. ஆனால் முதல் நாள் மாலை அரைத்து வைத்த தோசை மாவு புளித்துப் பொங்கும் பின்னிரவில், ஒரு புகையும் இல்லாத வீட்டில் அதே எண் மெல்ல உயரும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. மாவைப் புளிக்கவைக்கும் லியூகோநாஸ்டாக் நுண்ணுயிர் லாக்டிக் அமிலத்தோடு கரியமில வாயுவையும் எத்தனாலையும் உண்டாக்குகிறது. மானி அந்த எத்தனாலை உணர்கிறது. அது பிழை செய்யவில்லை. ஆனால் அது சொல்லும் ‘மாசு’ எத்தகையது?

எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் என்னும் தொகுதிப் பெயரின் கீழ் வரும் பொருள்கள் ஆயிரக்கணக்கானவை. ஆரஞ்சுத் தோலின் லிமோனீனும் அதில் அடக்கம். புற்றுநோய் விளைவிக்கும் பென்சீனும் அடக்கம். இவற்றை ஒரே எண்ணாகச் சுருக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை அறிய, மின்னணுவியலைவிடப் பொதுச் சுகாதார வரலாறே அதிகம் உதவும்.

அந்த வரலாற்றின் ஒரு முனை 1858ஆம் ஆண்டு மூனிக் நகரில் இருக்கிறது. குடியிருப்புக் கட்டடங்களின் காற்றோட்டம் பற்றி மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் அவ்வாண்டு ஒரு நூலை வெளியிட்டார். மனிதர் கூடியிருக்கும் அறையின் காற்று கெடுவதற்குக் காரணம் கரியமில வாயு அன்று என்பதை அவர் தெளிவாக அறிந்திருந்தார். உடலிலிருந்தும் மூச்சிலிருந்தும் வெளிப்படும் கரிம ஆவிகளே அறையைத் தாங்கவொண்ணாததாக ஆக்குகின்றன என்பது அவர் கருத்து. ஆனால் அவற்றை அளக்க அன்று வழியில்லை. கரியமில வாயுவையோ பேரைட்டா நீரைக் கொண்டு நம்பகமாக அளக்க முடிந்தது. மனிதர் பெருகினால் இரண்டும் சேர்ந்தே பெருகும் என்பதால், அளக்கத்தக்கதை அளந்து அளக்கமுடியாததை ஊகிக்கலாம் என்றார். ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 1000 பிபிஎம், என்னும் வரம்பு அங்கே பிறந்தது. இன்றும் வகுப்பறைகளுக்கும் அலுவலகங்களுக்கும் எடுத்துச் சொல்லப்படும் எண் அதுவே. அவர் அதனோடு இணைத்த நிபந்தனைகள் இரண்டு: கரியமில வாயு ஒரு குறியீடு மட்டுமே, மனிதரே மாசின் ஒரே மூலமாக இருக்கும் அறைக்கு மட்டுமே இக்கணக்கு பொருந்தும். அறைக்குள் எருக்குவியல் இருந்தால் காற்றோட்டம் தேடாதே, குவியலை அகற்று என்ற கருத்தும் அவர் பெயரிலேயே வழங்குகிறது.

இந்த அறிவு இந்தியாவுக்குப் படைமுகாம் வழியாக வந்தது. 1859இல் அமைக்கப்பட்டு 1863இல் அறிக்கை தந்த, இந்தியப் படைகளின் சுகாதார நிலை பற்றிய அரசு ஆணையம் படைவீரர் குடியிருப்புகளில் ஆளொன்றுக்கு எத்தனை கன அடி காற்று என்பதை ஓர் ஆட்சிக் கேள்வியாக்கியது. ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் அவ்வறிக்கையோடு தம் குறிப்புகளையும் சேர்த்தார். கல்கத்தாவின் ‘இருட்டறை’ நிகழ்வு 19ஆம் நூற்றாண்டின் காற்றோட்ட நூல்களில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்பட்டதும் இச்சூழலில்தான். அரசியல் கட்டுக்கதையாகவும் விவாதப்பொருளாகவும் நமக்குத் தெரிந்த அந்நிகழ்வு, காற்றோட்டப் பொறியாளர்களுக்கு வெறும் ஓர் உதாரணக் கணக்காக இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. இங்கிலாந்தின் நெட்லி படை மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த டி ஷோமோன் 1875இல் இன்னும் ஒரு படி சென்றார். வெளிக்காற்றிலிருந்து படைக்கொட்டடிக்குள் நுழைந்தவுடன் மூக்கு உணரும் நாற்றத்தின் அளவைக் குறித்துக்கொண்டு, அதே காற்றின் கரியமில வாயுவையும் அளந்து இரண்டையும் ஒப்பிட்டார். மூக்கு முகம் சுளிக்கத் தொடங்கும் இடத்தை எண்ணால் நிறுவும் முயற்சி அது. அதில் மூக்கும் ஒரு கருவியாகவே பயன்பட்டது.

நெட்லியில் பயின்று 1881இல் வெளிவந்த மருத்துவர்களுள் ஒருவர் ரொனால்டு ராஸ். 1883இல் அவர் பெங்களூர் கன்டோன்மென்டில் பொறுப்பு மருத்துவராக இருந்தார். தாம் தங்கிய பங்களாவின் சாளரத்துக்கு வெளியே இருந்த தொட்டி நீரில் கொசுக்கள் பெருகுவதை அங்குதான் கவனித்தார் என்பது அவர் வாழ்க்கைக் குறிப்புகளில் இடம்பெறும் செய்தி. மலேரியா என்ற சொல்லுக்கே ‘கெட்ட காற்று’ என்பது பொருள். 1897இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டு, அந்தக் காற்றின் மீதிருந்த பழியை அவர் நீக்கினார். அதன் பின் கொசுவை விரட்ட நாம் கொளுத்தும் சுருள்வத்தி வீட்டுக்காற்றை உண்மையாகவே கெடுக்கத் தொடங்கியது. ஒரு சுருள் எரியும்போது வெளியேறும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்கு ஈடாகலாம் என்றும், ஃபார்மால்டிஹைடு 51 சிகரெட்டுகள் வரை ஈடாகலாம் என்றும் சீன, மலேசியச் சுருள்களை ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று.

1898இல் பெங்களூரைப் பிளேக் தாக்கியது. நகரப் பகுதியில் பசவனகுடியும் மல்லேஸ்வரமும் எழுந்ததற்கும், கன்டோன்மென்ட் பகுதியில் 1906இலிருந்து ஃப்ரேசர் டவுன் எழுந்ததற்கும் அந்தக் கொள்ளைநோய்தான் உடனடிக் காரணம். லிங்கராஜபுரத்திலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும் ஃப்ரேசர் டவுன், பிளேக் புகாத நகரமைப்புக்கு முன்மாதிரியாக எண்ணிக் கட்டப்பட்டது. அம்முயற்சியில் பங்குகொண்ட ஜே. எச். ஸ்டீபன்ஸ் 1914இல் அது பற்றி நூலே எழுதினார். பிளேக் காற்றினால் வருவதன்று, எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சியால் பரவுவது என்பது அதற்குள் ஏற்கப்பட்டுவிட்ட உண்மை. ஆயினும் அகலத் தெருவும் வெளிச்சமும் காற்றுமே நல்ல வீட்டின் இலக்கணம் என்னும் எண்ணம் கலையவில்லை. நோய்க்காரணம் மாறியபோதும் அதன் பேரால் கட்டப்பட்ட சாளரம் நிலைத்தது. சென்னைப் படையோடு வந்து கன்டோன்மென்டைச் சுற்றிக் குடியேறிய தமிழர்களின் வழிவந்தவர்கள் பலர் இன்றும் வாழும் இந்தப் பகுதிகளில், பழைய வீடுகளின் கூரையடிச் சிறுசாளரங்கள் ஒவ்வொன்றாக மறைந்து, அடுக்ககங்களின் அலுமினியச் சட்டக் கண்ணாடிகள் அவ்விடத்தைப் பிடித்துவருகின்றன.

‘விஓசி’ என்ற சொல்லின் வரலாறு இதனோடு சேராத வேறொரு கிளை. அது வீட்டுக்குள் பிறக்கவே இல்லை. கலிபோர்னியாவில் அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன்-ஸ்மிட் என்னும் உயிர்வேதியியலாளர், லாஸ் ஏஞ்சலிஸின் கண்ணெரிச்சல் தரும் புகைப்பனி, ஊர்திகளும் எண்ணெய்த் தொழிலும் வெளியிடும் கரிம ஆவிகளும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் வினைபுரிந்து உண்டாவது என 1950களின் தொடக்கத்தில் நிறுவினார். எனவே அமெரிக்கச் சட்டம் விஓசியை அதன் நச்சுத்தன்மையைக் கொண்டு வரையறுக்கவில்லை, ஓசோன் உண்டாக்கும் திறனைக் கொண்டே வரையறுத்தது. 1995இல் அசிட்டோன் அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது அவ்வரையறையின்படிதான். பெயின்ட் டப்பாவின் மேல் ‘விஓசி குறைவு’ என்று அச்சிடப்படும் வாசகம் அந்த மரபின் பேரன். வாங்குபவர் அதைத் தம் நுரையீரலுக்கான உறுதிமொழியாகப் படிக்கிறார்.

வீட்டுக்குள் அச்சொல் நுழைந்தது 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின். வெப்பம் வீணாகாமலிருக்க மேலைநாடுகளில் கட்டடங்கள் இறுக மூடப்பட்டன. துகள்பலகையும் செயற்கை விரிப்பும் பசைகளும் உள்ளே நிறைந்தன. தலைவலி, கண்ணெரிச்சல், களைப்பு என்று அலுவலர்கள் முறையிட்டனர். அமெரிக்காவில் லான்ஸ் வாலஸ் வழிநடத்திய ஆய்வு, வேதி ஆலைகள் சூழ்ந்த நியூ ஜெர்சி நகரங்களில்கூட வீட்டுக்குள் இருக்கும் கரிம ஆவிகள் வெளிக்காற்றில் இருப்பதைவிட மிகுதி என்று 1980களில் காட்டியது. ஆலைப் புகைபோக்கியைப் பார்த்து அஞ்சியவர்களுக்கு, தம் அலமாரியும் உலர்சலவைத் துணியும் அதைவிட நெருங்கிய மூலங்கள் எனத் தெரியவந்தது.

டென்மார்க்கின் லார்ஸ் மோல்ஹாவே இந்த இடத்தில்தான் வருகிறார். வீடுகளில் பொதுவாகக் காணப்படும் 22 சேர்மங்களின் கலவையை ஆய்வறைக்குள் செலுத்தி, ஏற்கெனவே உடல் உபாதைகளை முறையிட்டிருந்த 62 பேரிடம் அதன் விளைவை அவர் சோதித்தார். கன மீட்டருக்கு 5, 25 மில்லிகிராம் என்னும் அளவுகளில் நடந்த அச்சோதனையின் முடிவு 1986இல் வெளியாயிற்று. 1990களின் தொடக்கத்தில் அவர் முன்வைத்த வரிசை புகழ்பெற்றது: 0.2 மில்லிகிராமுக்குக் கீழே சுகநிலை. 3 வரை பிற காரணிகளோடு சேர்ந்தால் உபாதை. 25 வரை அசௌகரியம். அதற்கு மேல் நச்சு. மொத்த விஓசி என்னும் ஒற்றை எண்ணுக்கு உடல்நலப் பொருள் கிடைத்தது இப்படித்தான். குறிப்பிட்ட 22 பொருள்களின் குறிப்பிட்ட விகிதக் கலவை ஒன்றிலிருந்து பெறப்பட்ட வரிசை எல்லாக் கலவைகளுக்கும் உரியதாகப் பரவியது. 1997இல் நார்டிக் நாடுகளின் ஆய்வாளர் குழு ஒன்று கிடைத்த சான்றுகளையெல்லாம் ஆராய்ந்து, மொத்த விஓசியை உடல்நல அபாயக் குறியீடாகக் கொள்ளப் போதிய அடிப்படை இல்லை என்று முடிவு கூறியது. அந்த முடிவுக்குப் பிறகும் அந்த எண் தளரவில்லை. ஜெர்மனியின் கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் முகமை 2007இல் 0.3, 1, 3, 10, 25 மில்லிகிராம் என ஐந்து படிகளை வகுத்தது. இன்றைய பல மானிகளின் பச்சை, மஞ்சள், சிவப்புப் பட்டைகள் அதை ஒட்டியவை.

ஆனால் அந்த ஆய்வுகளில் ‘மொத்தம்’ என்றால் என்ன? காற்றை உறிஞ்சுபொருள் நிரப்பிய குழாயில் பிடித்து, வாயு நிறப்பிரிகைக் கருவியில் பிரித்து, ஹெக்சேனுக்கும் ஹெக்சாடெக்கேனுக்கும் இடையில் வெளிவருவனவற்றைக் கூட்டினால் கிடைப்பது. எத்தனால் ஹெக்சேனுக்கு முன்பே வெளியேறிவிடும். ஃபார்மால்டிஹைடு அக்குழாயில் தங்கவே தங்காது. ஆய்வக வரையறைப்படி புளித்த மாவு மாசன்று. வீட்டுக்காற்றின் நச்சுகளுள் மிக நன்றாக ஆராயப்பட்ட ஃபார்மால்டிஹைடும் அந்த மொத்தத்துக்குள் வராது.

கூடத்தில் இருக்கும் சிறுபெட்டியோ நிறப்பிரிகை எதையும் செய்வதில்லை. அதன் குலம் வேறு. 1962இல் கியூஷூ பல்கலைக்கழகத்தின் டெட்சுரோ செய்யாமாவும் உடனுழைத்தோரும் துத்தநாக ஆக்சைடு ஏடு வாயுக்களை உணர்வதை வெளியிட்டனர். அதே ஆண்டு நவோயோஷி டகுச்சி வெள்ளீய ஆக்சைடு உணரிக்குக் காப்புரிமை கோரினார். ஜப்பானிய வீடுகளில் எரிவாயு சிலிண்டர் புழக்கத்துக்கு வந்து, கசிவும் வெடிப்பும் அச்சமூட்டிய காலம் அது. கசிவைக் கண்டு கூவும் மலிவான கருவி ஒன்று வேண்டியிருந்தது. 1969இல் ஃபிகாரோ நிறுவனம் அதற்காகவே தொடங்கப்பெற்றது. வெள்ளீய ஆக்சைடைச் சில நூறு டிகிரிக்குச் சூடாக்கினால் காற்றின் ஆக்சிஜன் அதன் பரப்பில் ஒட்டி எலக்ட்ரான்களைப் பிடித்துக்கொள்ளும், மின்தடை கூடும். எரியத்தக்க ஆவி வந்தால் அந்த ஆக்சிஜனோடு வினைபுரியும். எலக்ட்ரான்கள் விடுபட்டு மின்தடை குறையும். நிகழ்வது இவ்வளவே. வந்தது பியூட்டேனா, எத்தனாலா, ஹைட்ரஜனா, கார்பன் மோனாக்சைடா என்று உணரிக்குத் தெரியாது. ஈரப்பதம் மாறினாலும் எண் அசையும். சிலிகோன் ஆவி பட்டால் அதன் பரப்பே மழுங்கிப்போகும். சிலிண்டர் கசிகிறதா என்று கேட்கும் கேள்விக்கு இந்த அறியாமை குறையாகாது. சமையலறையில் எரியத்தக்க ஆவி ஏதோ மிகுந்துவிட்டது, சாளரத்தைத் திற என்பதே அங்கு வேண்டிய விடை.

அதே உணரி சுருங்கிச் சில்லாகி, பிபிபி எண் காட்டும் காற்றுத் தர மானியானபோது கேள்வி மாறிவிட்டது; விடை மாறவில்லை. மின்தடை மாற்றத்தைச் செறிவாக மாற்ற ஏதேனும் ஒரு வாயுவைக் கற்பித்துக்கொள்ள வேண்டும். 100 பிபிபி என்று திரை காட்டினால், அது டொலுவீன் எனக் கொண்டால் கன மீட்டருக்கு ஏறத்தாழ 377 மைக்ரோகிராம். ஐசோபியூட்டிலீன் எனக் கொண்டால் 229. எத்தனால் எனக் கொண்டால் 188. முதலாவது ஜெர்மானியப் படிகளில் இரண்டாவது நிலைக்குப் போய்விடும். மற்றவை முதல் நிலையிலேயே நிற்கும். கற்பிதம் எது என்பதைத் தரவேட்டின் உட்பக்கத்தில் தேட வேண்டும். இந்தியாவின் 2009ஆம் ஆண்டுத் தேசியக் காற்றுத் தர வரையறையில் பென்சீனுக்கான ஆண்டுச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம், அதாவது சுமார் 1.6 பிபிபி. தோசை மாவும் சானிடைசரும் நூற்றுக்கணக்கான பிபிபியை ஆட்டிவைக்கும் திரையில் அந்த 1.6 தென்படாது. ஆகவே குறைந்த எண் பென்சீன் இல்லை என்பதற்குச் சான்றாகாது. கூடிய எண் நஞ்சு உண்டு என்பதற்கும் சான்றாகாது.

இதில் ஒரு வரலாற்றுத் தலைகீழும் உண்டு. சில மலிவு மானிகள் ‘சமமதிப்புக் கரியமில வாயு’ என்று 400 பிபிஎம்மில் தொடங்கும் எண் ஒன்றையும் காட்டுகின்றன. அவற்றுள் கரியமில வாயுவை அளக்கும் உறுப்பு கிடையாது. மனிதர் கரிம ஆவிகளையும் கரியமில வாயுவையும் சேர்த்தே வெளியிடுகின்றனர் என்னும் உறவைக் கொண்டு, ஆவியை உணர்ந்து வாயுவை ஊகிக்கின்றன. பெட்டன்கோஃபர் வாயுவை அளந்து ஆவியை ஊகித்தார். அவருடைய நிபந்தனை, மனிதரே ஒரே மூலம் என்பது, ஊதுபத்தி ஏற்றிய கூடத்தில் உடைந்துபோகிறது. ஆளில்லாத அறையில் 2000 பிபிஎம் ‘கரியமில வாயு’ காட்டும் மானி பழுதானதன்று. 1858இன் உறவைத் திருப்பிப்போட்டு, நிபந்தனையை மட்டும் விட்டுவிட்டது.

அண்மைக்காலச் சில்லுகள் இச்சிக்கலை நேர்மையாகவே எதிர்கொள்கின்றன. சுவிட்சர்லாந்தின் சென்சிரியான் நிறுவனம் செறிவைச் சொல்வதை விட்டுவிட்டு 1 முதல் 500 வரையிலான குறியீட்டைத் தருகிறது. அதில் 100 என்பது அதே அறையின் கடந்த 24 மணிநேரச் சராசரி. 100க்கு மேல் என்றால் வழக்கத்தைவிடக் கூடுதல். கீழே என்றால் குறைவு. மாற்றத்தைக் காட்டும் கருவியாக இது சரியானது: சமையலுக்குப் பின் சாளரம் திறந்தால் எத்தனை நிமிடத்தில் எண் இறங்குகிறது, எந்தத் துடைப்பு நீர் அதை உயர்த்துகிறது, புது பிளைவுட் அலமாரி வந்த வாரம் மூடிய அறை எப்படி நடந்துகொள்கிறது என்பனவற்றுக்கு அது நம்பகமாக விடை தரும். இரண்டு வீடுகளை ஒப்பிட அது பயன்படாது. இதை அறியாமல் குடியிருப்போர் குழுக்களில் எண்களைப் பகிர்ந்து ‘உங்கள் வீடு எத்தனை’ என்று கேட்பது, அவரவர் சராசரியை அளவுகோலாகக் கொண்டு உயரத்தை ஒப்பிடுவது போன்றது.

இந்தியாவின் வீட்டுக்காற்று ஆய்வு டென்மார்க்கின் வழியில் தொடங்கவில்லை என்பதையும் இங்குச் சொல்லியாக வேண்டும். கிர்க் ஸ்மித் 1980களின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களில் விறகடுப்பின் முன் அமர்ந்த பெண்கள் சுவாசித்த காற்றை, அவர்கள் உடலோடு பொருத்திய கருவிகளால் அளந்தார். பின்னர்ச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணனும் அவர் குழுவினரும் தமிழக ஊர்ப்புற அடுப்பங்கரைகளில் அப்பணியைத் தொடர்ந்தனர். அங்கு அளக்கப்பட்டது பெரிதும் துகள். கேள்வி சுகநிலை பற்றியதன்று; எந்தப் புகை யார் மூச்சில் எத்தனை மணிநேரம் போகிறது என்பது. மூலமும் ஆளும் தெரிந்தே அளக்கப்பட்ட எண் அது. 1981ஆம் ஆண்டுக் காற்றுச் சட்டமும் 2009 வரையறையும் வெளிக்காற்றோடு நின்றுவிட்டன. போபாலுக்குப் பின் 1987இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைச் சட்டம் வேதிப்பொருள்களுக்கு வரம்புகளைப் பட்டியலிட்டது. ஆனால் மின்விசை உண்டெனில் 10 பேர், இல்லையெனில் 20 பேர் வேலைசெய்யும் இடத்தையே அது தொழிற்சாலை எனக் கொண்டிருந்தது.

அந்த வரையறைக்கு வெளியே நிற்கும் தொழில்களுள் ஒன்று ஊதுபத்தி. கர்நாடகம் அதற்குப் பெயர்பெற்ற மாநிலம். அத்தொழிலில் குச்சிக்கு மாவு உருட்டும் வேலை நெடுங்காலம் பெண்களால் வீடுகளிலேயே நடந்துவந்தது. கரித்தூளும் ஜிகட் மரப்பட்டைப் பொடியும் பிசைந்த கலவை, பின்னர் மணமூட்டும் எண்ணெய். அந்த எண்ணெய்க்குக் கரைப்பானாகப் பெரிதும் பயன்படும் டைஎத்தில் தாலேட் ஏறத்தாழ 295 டிகிரியில் கொதிப்பது. உலக சுகாதார நிறுவனத்தின் 1989ஆம் ஆண்டு வகைப்பாட்டில் விஓசிக்கு அடுத்த படியான அரை ஆவியாகும் பொருள். வெள்ளீய ஆக்சைடு உணரிக்கு அது தென்படுவது அரிது. கரித்தூளோ ஆவியே அன்று. அடுக்ககக் கூடத்தில் ஒரு குச்சி எரிந்து சிவப்புக் காட்டும் அதே மானியை, நாள் முழுதும் அக்குச்சிகளுக்கு மணமூட்டும் ஓர் அறையில் கொண்டுபோய் வைத்தால் முதலில் எண் ஏறும். ஒரு நாள் கழிந்ததும் அவ்வறையின் காற்றையே வழக்கமெனக் கற்றுக்கொண்டு, திரை 100 என்று பச்சையில் காட்டத் தொடங்கும்.